சிதை எரிந்தது, நாற்காலி அசையவில்லை!

தோழரே!

கல்வராயன் மலையிலே பிறந்து, அடிவாரத்து அணையிலே தேங்கி, வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம் இருந்தால் கள்ளக்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு போகிறது கோமுகி ஆறு. அந்த ஆற்றங்கரையிலே 2024ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் சிதைகள் வரிசையாக அடுக்கப்பட்டன. தெருவிலே ஒரு சாவு விழுந்தால் ஊர் கூடி அழும். தெருவே சாவாக விழுந்துவிட்டால் அழுவதற்கு ஆள் ஏது? கொள்ளி வைக்கப் பிள்ளை இருந்தான். அவனைத் தேற்றத் தகப்பன் இல்லை. தகப்பனோடு தாயையும் பறிகொடுத்த குழந்தைகளும் அங்கே இருந்தார்கள்.

ஊரின் பெயர் கருணாபுரம். பெயரிலே கருணை இருந்தது. ஆட்சியிலே அதைத் தேட வேண்டியிருந்தது.

மாண்டவர்கள் யார்? மாளிகைவாசிகளா? மூட்டை சுமந்தவர்கள், அன்றாடக் கூலிக்குப் போனவர்கள், அடித்தட்டிலும் அடித்தட்டில் வைக்கப்பட்டவர்கள். அரசுக் கடையின் புட்டி விலைக்கு எட்டாத கைகள், பையில் அடைத்து விற்ற சாராயத்தை வாங்கின. கள்ளக்குறிச்சி மருத்துவமனையிலும், சேலத்திலும், விழுப்புரத்திலும், புதுவை ஜிப்மரிலும் ஒவ்வொருவராக உயிர்விட்டார்கள். எண்ணிக்கை 65ஐத் தாண்டிற்று. எங்கோ காட்டுக்குள் விற்ற சரக்கா அது? காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்திலே விற்ற சரக்கு!

முதல் சாவுகள் விழுந்தபோது மாவட்ட நிர்வாகம் என்ன சொல்லிற்று? கள்ளச்சாராயத்தால் நேர்ந்த சாவு என்று உறுதியில்லை, வேறு நோய்களாக இருக்கலாம் என்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைக்கப் பார்த்தார்கள். ஆனால் மறைப்பதற்குக் கருணாபுரத்திலே அன்று சோறும் இல்லை.

அன்று மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறைக்கு அமைச்சர் சு. முத்துசாமி. அவர் பதவி விலகினாரா? இல்லை. விலகும்படி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவரைக் கேட்டுக்கொண்டாரா? அதுவும் இல்லை. சட்டமன்றத்திலே எதிர்க்கட்சிகள் கேட்டன. தெருவிலே தாய்மார்கள் கேட்டார்கள். பொறுப்பிலிருந்து ஓடி ஒளிபவன் நானல்லன் என்ற பொருளிலே முதலமைச்சர் விடையளித்தார். ஓடி ஒளியவில்லை, உண்மைதான். உட்கார்ந்த இடத்தைவிட்டு யாருமே எழவில்லையே!

உருண்டு இறங்கிய பொறுப்பு

பின் என்னதான் நடந்தது? ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகளும் காவலர்களும் அந்தப் பட்டியலிலே சேர்ந்தார்கள். அதற்கும் கீழே போயிற்று தேடுதல்: கல்வராயன் மலைக்குக் காவல்படை ஏறிற்று, ஊறல் பானைகள் உடைந்தன. கண்காணிப்பாளர் மீதிருந்த பணியிடை நீக்கமோ பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது!

கவனித்தீர்களா, தோழரே? மலையிலே பெய்த மழை பள்ளம் நோக்கி இறங்குவதைப்போல, கோட்டையிலே நிற்க வேண்டிய பொறுப்பு ஆட்சியரிடம் இறங்கி, அதிகாரியிடம் இறங்கி, காவலரிடம் இறங்கி, கடைசியிலே மலையாளிப் பழங்குடியின் பானைக்குள் போய் விழுந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவது பழைய கதை. இங்கே அம்பையும் விட்டுவிட்டு, அம்பு பட்ட மரத்தை வெட்டினார்கள்.

மலையிலே சாராயம் காய்ச்சுவதை நாம் ஆதரிக்கவில்லை. காய்ச்சுகிறவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனே. ஆனால் கருணாபுரத்தைக் கொன்றது எது? மெத்தனால்! அது வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறவைத்து மலையடுப்பிலே வடிக்கிற பொருளா? ஆலையிலே உற்பத்தியாகி, பீப்பாயிலே அடைபட்டு, வண்டியிலே ஏறிச் சாலைவழியாக வருகிற தொழிற்சாலைப் பொருள். உடலுக்குள் புகுந்தால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைக் கருக்கி, இரத்தத்தையே அமிலமாக்கி, மூச்சை நிறுத்துகிற நஞ்சு. அதை வைத்திருக்கவும், விற்கவும், கொண்டுசெல்லவும் கட்டுப்பாடு விதித்து 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டன. அந்த விதிகளை நடத்தவேண்டிய துறை எது? மீன்வளத் துறையா? அறநிலையத் துறையா? மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை! பீப்பாய் எந்த ஆலையிலிருந்து புறப்பட்டது, எந்தக் கிடங்கிலே தங்கியது, யார் கைக்கு மாறியது என்று கணக்குப் பார்க்கவேண்டிய பேரேடு அந்தத் துறையின் பேரேடு. பேரேட்டிலே ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியே ஒழுகிய நஞ்சு 65க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தத் துறையின் தலைவர் நாற்காலியிலே தொடர்ந்தார்!

அவர் சாராயம் விற்றார் என்று நாம் சொல்லவில்லை. கைக்கூலி வாங்கினார் என்றும் சொல்லவில்லை. அப்படிக் குற்றம் சாட்டினால் அது நீதிமன்றத்தின் வழக்கு. நாம் தொடுப்பது மக்கள் மன்றத்தின் வழக்கு: துறை உங்களுடையது, தோல்வி துறையுடையது, அப்படியானால் தோல்வி யாருடையது?

திடீரென்று இடி விழுந்தது, யார் என்ன செய்யமுடியும் என்று தப்பிக்கவும் வழியில்லை. 13 மாதங்களுக்கு முன், 2023 மே மாதத்திலே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டோரைத் தின்றது. அன்றும் பணியிடை நீக்கம், அன்றும் ரூபாய் 10 லட்சம், அன்றும் சிபிசிஐடி, அன்றும் இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம் என்ற அறிக்கை. ஒருமுறை இடறினால் கல்லைப் பழிக்கலாம். அதே கல்லிலே மறுமுறை இடறினால் கண்ணைத்தானே பழிக்கவேண்டும்?

2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இந்த வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. காவல் துறை கண்டும் காணாதிருந்ததையே நிகழ்ச்சிகள் காட்டுகின்றன என்ற கருத்தையும் அது வெளியிட்டது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடிற்று. டிசம்பரிலே அந்த மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. நீதிமன்றம் சொன்ன பிறகாவது யாரேனும் எழுந்தார்களா? எழவில்லை.

விலகினால் மாண்டவர் மீள்வரோ?

நம்மைப் பார்த்துச் சில கேள்விகளை வீசுகிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"அமைச்சர் விலகினால் மாண்டவர் மீண்டு வருவாரோ?" வரமாட்டார். பத்து லட்சம் கொடுத்தாலும் வரமாட்டார். ஆனாலும் கொடுத்தீர்களே, எதற்காக? இழப்புக்கு ஈடாக ஏதேனும் செய்தாக வேண்டும் என்பதற்காக. அரசு கொடுத்த பணம் மக்களின் வரிப்பணம். அமைச்சர் தம்முடையதாகக் கொடுக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய பதவி. அதை அவர் கொடுக்கவில்லை.

"சட்டத்தைக் கடுமையாக்கினோமே?" ஆம். 2024 ஜூன் 29 அன்று, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ச்சேதம் விளைவித்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டம் என்று எழுதினார்கள். நல்லதே. ஆனால் அந்தத் தண்டனை முழுவதும் காய்ச்சுகிறவனுக்கும் விற்கிறவனுக்குமே. காணாமல் இருந்தவனுக்கு என்ன? அந்தத் திருத்தம் நிறைவேறிய விவாதத்திலேயே மூத்த அமைச்சர் துரைமுருகன் என்ன சொன்னார் தெரியுமா? உழைத்துக் களைத்தவனுக்கு அரசுக் கடைச் சரக்கின் போதை போதவில்லை, அதனால் கள்ளச்சாராயத்தை நாடுகிறான் என்ற பொருள்படப் பேசினார். சிதையின் சாம்பல் ஆறி பத்து நாள்கூட ஆகவில்லை! துறையின் பெயர் மதுவிலக்கு. 2023-24ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியாகக் கருவூலத்துக்கு வந்த வருவாயோ 45,000 கோடிக்கு மேல். விலக்குவதாகப் பெயர், விற்பது தொழில், போதை போதாதென்பது ஆராய்ச்சி!

"விலகச் சொல்கிற எதிர்க்கட்சி மட்டும் யோக்கியமா?" இந்தக் கேள்வியிலே நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். முதலமைச்சரை விலகச் சொன்ன எடப்பாடி பழனிசாமி யார்? 2018 மே 22 அன்று தூத்துக்குடியிலே ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள்மீது காவல் துறை சுட்டு 13 பேர் மாண்டபோது, அந்தக் காவல் துறையைத் தம் கையிலே வைத்திருந்த முதலமைச்சர். தொலைக்காட்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் என்றவர். அவரும் விலகவில்லை. ஆனால் தோழரே, பக்கத்து வீட்டுக்காரன் கடனைக் கட்டவில்லை என்பது நம் கடனைத் தள்ளுபடி செய்யுமா? அவர் விலகாதது அன்றும் தவறு. இவர்கள் விலகாதது அதே தவற்றின் இரண்டாம் பதிப்பு.

ஒரு காலம் இருந்தது

பதவி துறப்பது இந்த மண்ணுக்குப் புதிதா? தென்னாற்காட்டை அடுத்த அன்றைய திருச்சி மாவட்டத்தின் அரியலூரை நினைத்துப் பாருங்கள். 1956 நவம்பர் 23. மழை வெள்ளத்திலே மருதையாற்றுப் பாலம் பெயர்ந்து தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றிலே கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியா பாலத்தின் தூணை அசைத்தார்? அவரா ரயிலை ஓட்டினார்? ஆயினும் விலகினார். விபத்துக்கு அவர் காரணம் என்பதற்காக ஏற்கவில்லை, ஆட்சிமுறைக்கு ஒரு நெறி வேண்டும் என்பதற்காக அவருடைய விலகலை ஏற்கிறேன் என்ற கருத்தை நேரு வெளியிட்டார்.

அன்று துணை அமைச்சராக இருந்த தமிழர் ஓ. வி. அழகேசனையும் ஆண்டது போதும் என்று சொல்லிப் பதவியைவிட்டு இறங்கச் சொன்ன இயக்கம் எது? திராவிட முன்னேற்றக் கழகம்! எதிர்வரிசையிலே இருந்தபோது அந்தக் கழகம் தொடுத்த கேள்வி நியாயமான கேள்வி. அதே கேள்வி 68 ஆண்டுகள் கழித்துத் தன் வாயிலுக்கே வந்தபோது, கதவைத் தாழிட்டுக்கொண்டது ஏன்?

இன்னொன்று. 1958 பிப்ரவரியிலே இந்திய நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். அவரும் தமிழரே. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணத்தை முந்திராவின் பங்குகளிலே போட்ட விவகாரம். நாடாளுமன்றத்திலே கிளப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரே, நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா தனியொருவராக இருந்து, மக்கள் முன்னிலையிலே விசாரித்து, ஒரு மாதத்துக்குள் முடித்தார். என் செயலாளர் செய்தார், எனக்குப் பொறுப்பில்லை என்று அமைச்சர் தரப்பிலே சொன்னதை அவர் ஏற்கவில்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று தீர்த்துச் சொன்னார். கள்ளக்குறிச்சிக்கும் ஒருநபர் ஆணையம் அமைத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ், கெடு மூன்று மாதம். ஆணையம் அமைத்ததில் குறை காணவில்லை. துறையை விசாரிக்கும்போது துறையின் தலைவர் தள்ளியிருக்க வேண்டும் என்ற சிறிய நாணம்கூட இல்லாமற் போயிற்றே என்பதே நம் வருத்தம்.

அதற்கும் முன்னே போகட்டுமா? மதுரையிலே ஒரு பாண்டியன் இருந்தான். பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது, "பொற்கொல்லனைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தேன், காவலனைப் பணியிடை நீக்கம் செய்தேன், கைம்பெண்ணுக்குப் பத்து லட்சம் பொன் அறிவித்தேன், ஒருநபர் ஆணையம் அமைத்தேன்" என்றா சொன்னான்? பழி தன்னுடையது என்றான். அரியணையிலிருந்து விழுந்து உயிரையே விட்டான். உயிரைக் கேட்கவில்லை, ஐயா நாம்! நாற்காலியை மட்டுமே கேட்டோம்.

நாற்காலி ஆட்டம்

இந்தத் துறையின் நாற்காலிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. எக்கியார்குப்பத்துச் சாவின்போது அதிலே இருந்தவர் வி. செந்தில்பாலாஜி. 2023 ஜூன் 14 அன்று, வேலைக்குப் பணம் வாங்கிய புகார் தொடர்பான வழக்கிலே அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. துறை முத்துசாமிக்குப் போயிற்று. ஆனால் சிறைக்குள்ளே இருந்தபடியே இலாகா இல்லாத அமைச்சராக எட்டு மாதம் நீடித்தார் செந்தில்பாலாஜி. 2024 பிப்ரவரியிலேதான் விலகினார். 2024 செப்டம்பர் 26இல் பிணை. செப்டம்பர் 29இல் மறுபடி பதவிப் பிரமாணம். மறுபடி அதே மதுவிலக்குத் துறை! பதவியா பிணையா, இரண்டிலே ஒன்றைத் தேர்ந்துகொள் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே 2025 ஏப்ரல் 27இல் இறங்கினார். இறங்கிய இடத்துக்கு யார் வந்தார்? மறுபடியும் முத்துசாமி!

வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். தில்லியின் ஏவல் துறைகள் எதிர்க்கட்சிக்காரர்களைக் குறிவைப்பதையும் நாம் அறிவோம், கண்டித்தும் இருக்கிறோம். அமைச்சரை நீக்குவதாகத் தாமே அறிவித்து, அன்றிரவே நிறுத்திவைத்த ஆளுநரின் அத்துமீறலையும் கண்டித்தோம். ஆயினும் கேட்கிறோம்: நீதிமன்றம் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்வரை விடாமல் பற்றிக்கொள்ளவேண்டிய பொருளா பதவி? தானாக இறங்கியவனுக்கு மக்கள் மாலை இடுவார்கள். தள்ளப்பட்டு விழுந்தவனுக்கு என்ன இடுவார்கள்?

மலைக்கு வழி தெரியவில்லையா?

கல்வராயன் மலையை மறந்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்கலாகாது. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அந்த மலை அரசின் நேரடி ஆளுகைக்கு வந்ததே 1976இலேதான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரிலே. கருணாபுரத்துச் சாவுக்குப் பிறகு, மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை எங்கே, மருத்துவமனை எங்கே, பள்ளி எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். முதலமைச்சரோ, அன்று அமைச்சராயிருந்த உதயநிதி ஸ்டாலினோ மலைக்கு நேரிலே போய்ப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்கள். எண்ணிப் பாருங்கள்! ஊறல் பானையை உடைக்கப் போகிறவனுக்கு மலைப்பாதை தெரிகிறது. பிள்ளைப்பேற்று வலியிலே துடிக்கிறவளை அழைத்துவர வண்டிக்கு மட்டும் பாதை தெரியவில்லை. தண்டனை ஏறுகிற மலையிலே சலுகை ஏறாதா?

நம் கணக்கு

இப்போது, தோழரே, சற்று நெருங்கி வாருங்கள். மற்றவர் கணக்கைப் பார்த்தோம். நம் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

2024 ஏப்ரல் 19 அன்று நாம் அந்த அணியிலே நின்று வாக்குக் கேட்டோம். வகுப்புவெறியைத் தடுக்கவேண்டும் என்று கேட்டோம், சரியாகவே கேட்டோம். ஜூன் 4 அன்று நாற்பதுக்கு நாற்பது என்று இனிப்பு வழங்கினோம். கள்ளக்குறிச்சியிலும் வழங்கினோம். 15 நாள் கழித்து, இனிப்பை வாங்கிய அதே கைகள் சிலவற்றை நம் தோழர்களே பாடையிலே கட்டினார்கள்.

நாம் கண்டித்தோம், அறிக்கை விட்டோம், மருத்துவமனை வாயிலிலே நின்றோம். ஆனால் "அமைச்சரே, விலகுங்கள்!" என்ற சொல்லை உரத்த குரலிலே சொன்னோமா? நெஞ்சிலே கை வைத்துச் சொல்லுங்கள். இடைத்தேர்தல் வருகிறதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டோம். எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிடக் கூடாது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். எதிரிக்கு ஆயுதம் கொடுத்தது எது, தோழரே? நம் பேச்சா, நம் மௌனமா? ஏழையின் சாவுக்கு நீதி கேட்கவேண்டிய களத்தை நாம் காலியாக விட்டோம். காலியான களத்திலே மதவெறியன் கூடாரம் அடித்தான். அணி காக்கவேண்டும் என்று வாயை மூடினோம். வாயை மூடியதாலேயே அணியின் மானம் போயிற்று.

தோழமை என்பது தவற்றை மூடிவைக்கிற துணியா? தோழன் வழுக்கும்போது கையைப் பிடித்து நிறுத்துகிறவனே தோழன். கைதட்டுகிறவன் வேடிக்கை பார்ப்பவன்.

ஆகவே ஒன்றைத் தீர்மானிப்போம். எந்த அணி ஆண்டாலும், அதிலே நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம் கட்சிக்காரரே அமைச்சராக இருந்தாலும், இந்த நெறியை விடமாட்டோம்: ஒரு துறை காக்கத் தவறி மக்கள் கூட்டமாக மாண்டால், விசாரணை முடியும்வரை அந்தத் துறையின் அமைச்சர் வெளியே நிற்கவேண்டும். குற்றமற்றவர் என்று தெரிந்தால் தலைநிமிர்ந்து திரும்பட்டும். வாயிலிலே நின்று நாமே வரவேற்போம். தேர்தல் உடன்பாட்டிலே தொகுதியை எண்ணுகிறோமே, அதற்கு முன்னதாக இந்த நிபந்தனையை எழுதச் சொல்வோம். கிளைக் கூட்டத்திலே பேசுங்கள். வட்ட மாநாட்டிலே தீர்மானம் கொண்டுவாருங்கள். தலைமையின் மேசைக்கு அது வந்து சேரட்டும். எங்களைப் போன்ற எழுதுகிறவர்களின் கையையும் அது கட்டட்டும்.

கோமுகியின் தண்ணீர் மலையிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது; அது இயற்கை. பொறுப்பு பள்ளத்துக் குடிசையிலிருந்து கோட்டை மேட்டுக்கு ஏறவேண்டும். அதற்குத்தான் குடியாட்சி என்று பெயர். அது தானாக ஏறாது, தோழரே. சுமந்து ஏற்றத் தோள் வேண்டும். கருணாபுரத்திலே பாடை சுமந்த தோள் நம்முடையது. இந்தச் சுமையையும் அதுவே சுமக்கட்டும்!